பொறியின் ஆழம் 1.2 என்று சொன்னார்கள்: ஆக்சைடுக் குறைபாட்டு அளவீட்டுச் சேவை, என் அனுபவம்

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். கருவிகளுக்கு ஐந்துக்கு ஐந்து, அவர்கள் எழுதிக்கொடுத்த அறிக்கைக்கு ஐந்துக்கு இரண்டு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லாம் ஒழுங்கு என்று ஆகிவிடும், அப்படி இல்லை.

சேவை இதுதான். சிலிக்கான் மேல் படிய வைத்த மெல்லிய உலோக ஆக்சைடுப் படலத்தை அனுப்பினால், அதற்குள் எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் பொறிகள் எத்தனை, எந்த ஆற்றல் மட்டத்தில், அதாவது வெளியே வர எலக்ட்ரானுக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் (அதுதான் பொறியின் ஆழம்) என்று அளந்து தருவார்கள். கூடவே அதே பொருளைக் கணினியில் கட்டி, ஆக்சிஜன் அணு ஒன்றைப் பிடுங்கிவிட்டு, அந்தக் காலியிடம் எந்த மட்டத்தை உண்டாக்குகிறது என்று கணக்கிட்டும் தருவார்கள். அளவும் கணக்கும் ஒரே உறையில் வருவது வசதிதான், நான் மயங்கியதும் அதில்தான்.

நான் அனுப்பியவை இரண்டு வகை. ஒன்று, 10 நானோமீட்டர் ஹாஃப்னியம் ஆக்சைடு, மேலே அலுமினிய மின்முனை. இன்னொன்று கார்பன் கலந்த அலுமினியம் ஆக்சைடுப் படிகம், கதிர்வீச்சை அளக்கப் பயன்படுகிறதே, அதே பொருள். இரண்டாவதற்கு விடை எனக்கு முன்பே தெரியும், ஆனால் அது என்ன என்று சொல்லாமல் பெட்டியில் சேர்த்து வைத்துவிட்டேன். யாரிடமாவது முதல்முறை அளக்கக் கொடுத்தால் இப்படி ஒன்றை ஒளித்து வைப்பது என் பழக்கம்.

விண்ணப்பப் படிவத்தில் 'எதிர்பார்க்கும் மதிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. ஏதோ அளவுகோலைச் சரியாக வைத்துக்கொள்ளக் கேட்கிறார்கள் என்று நினைத்து '1 முதல் 1.5 எலக்ட்ரான் வோல்ட்' என்று எழுதினேன். (இனிமேல் எ.வோ. என்று சுருக்கிக்கொள்கிறேன்.) அந்தக் கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிகத்தின் விடை முதலில் வந்தது, அபாரம். ஆக்சிஜன் போன இடத்தில் இரண்டு எலக்ட்ரான் தங்கியிருந்தால் அதை எஃப் மையம் என்பார்கள், ஒன்றுதான் தங்கியிருந்தால் எஃப் பிளஸ். ஜெர்மன் மொழியில் நிறத்துக்கான சொல்லின் முதல் எழுத்து அது. உப்புப் படிகங்கள் ஏன் நிறம் ஏறுகின்றன என்று கோட்டிங்கனில் போல் என்பவரின் குழு ஆராய்ந்த காலத்திலிருந்து வருகிற பெயர். அலுமினியம் ஆக்சைடில் எஃப் மையம் 6.1 எ.வோ. ஒளியை விழுங்கி 3 எ.வோ. அருகே நீல ஒளி விடும், எஃப் பிளஸ் 4.8, 5.4 ஆகிய இடங்களில் விழுங்கி 3.8 அருகே விடும். இவர்கள் ஐந்தையும் பிடித்துவிட்டார்கள். அதோடு, நீல ஒளி அணைய எடுக்கும் நேரம் 35 மில்லிவினாடி என்று தாங்களாகவே அளந்து போட்டிருந்தார்கள், அதுவும் சரி. பொருளின் பெயர்கூடத் தெரியாமல் இதைச் செய்தவர்கள் என்றால் கருவியும் கையும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அதனால்தான் அடுத்த அறிக்கையைத் திறக்கும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்புறம் ஹாஃப்னியம் ஆக்சைடு. முதல் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரே வரி: 'பொறியின் ஆழம் 1.2 எ.வோ., ஆக்சிஜன் காலியிடம். கணக்கீடும் அளவீடும் ஒத்துப்போகின்றன.' அந்த நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் மீதி 31 பக்கத்தையும் படித்தேன்.

இந்தப் பொருளை ஏன் இவ்வளவு நோண்டுகிறோம் என்று புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிக்கான் டையாக்சைடின் மின்காப்பு மாறிலி 3.9, ஹாஃப்னியம் ஆக்சைடுக்கு 20 முதல் 25. அதனால் தடிமனைக் கூட்டி, கசிவைக் குறைத்து, அதே மின்தேக்கத்தைப் பெறலாம். 2007-ல் 45 நானோமீட்டர் சில்லுகளில் இன்டெல் இதைக் கொண்டுவந்தது. ஆனால் சிலிக்கான் டையாக்சைடு மாதிரி இது சாது இல்லை. பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரான் கட்டுண்டு கிடக்கும் கீழ்ப்பட்டைக்கும் தாராளமாக ஓடும் மேல்பட்டைக்கும் நடுவே உள்ள ஆற்றல் தூரம், அங்கே சுமார் 9 எ.வோ., இங்கே 5.8 சொச்சம், அதற்கு நடுவே எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் மட்டங்கள் ஏராளம். மாட்டிக்கொண்ட எலக்ட்ரான் டிரான்சிஸ்டரின் தொடக்க மின்னழுத்தத்தை நகர்த்தும், மெதுவாக வெளியேறும், மறுபடி மாட்டும். ஆழம் தெரிந்தால்தான் எப்போது வெளியேறும் என்று சொல்ல முடியும்.

அந்த 'எப்போது' என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு அலுக்காத பகுதி. ஆழம் ஒரு அடுக்குக்குறிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பொறிக்குள் இருக்கும் எலக்ட்ரான் வினாடிக்குப் பத்து லட்சம் கோடி தடவை சுவரை முட்டிப் பார்க்கிறது என்று வழக்கம்போல் வைத்துக்கொண்டால், அறை வெப்பநிலையில் 0.5 எ.வோ. ஆழத்திலிருந்து 25 மைக்ரோவினாடியில் வெளியே வந்துவிடும். ஆழம் 1 எ.வோ. என்றால் ஒன்றேமுக்கால் மணி நேரம். 1.5 என்றால் 50,000 ஆண்டு! அரை எ.வோ. கூடினால் மணிக்கணக்கு யுகக்கணக்காகிவிடுகிறது. ஆகவே ஆழத்தில் 0.3 தப்பு என்பது 'கிட்டத்தட்டச் சரி' இல்லை, வேறு பொருளைப் பற்றிப் பேசுவது மாதிரி.

சரி, அந்தக் கணக்கை அவர்கள் சொன்ன 1.2-க்கே போட்டுப் பார்த்தேன். அறை வெப்பநிலையில் ஐந்தரை மாதம் தங்கும், 150 டிகிரி செல்சியஸில் 20 வினாடியில் காலியாகிவிடும். பதினான்காம் பக்கத்தில் அவர்களே ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். மின்னழுத்தம் கொடுத்துப் பொறிகளை நிரப்பிவிட்டு, 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, மறுபடி அளந்திருக்கிறார்கள். மின்னூட்டம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. படத்துக்குக் கீழே 'சிறந்த தக்கவைப்பு' என்று வேறு எழுதியிருக்கிறார்கள். முட்டும் எண்ணிக்கையை நூறு மடங்கு குறைத்து வைத்துக்கொண்டாலும் 2,000 வினாடி, ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி போயிருக்க வேண்டும். முதல் பக்கத்தைப் பதினான்காம் பக்கம் மறுக்கிறது, நடுவே பன்னிரண்டு பக்கம் இருப்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

அப்படியானால் 1.2 எங்கிருந்து வந்தது? கசிவு மின்னோட்டத்திலிருந்து. பல வெப்பநிலைகளில் கசிவை அளந்து, பூல்–ஃபிரெங்கல் முறையில் கோடு போட்டிருக்கிறார்கள். மின்புலம் கூடக் கூடப் பொறியின் ஒரு பக்கச் சுவர் சரிகிறது, எலக்ட்ரான் எளிதாகத் தாண்டுகிறது, அதனால் கடத்துதிறனின் மடக்கையை மின்புலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும் என்பது அதன் கருத்து. கோடு நேராகத்தான் வந்தது. ஆனால் கோடு நேராக இருந்தால் மட்டும் போதாது, சாய்வையும் பார்க்க வேண்டும். சாய்விலிருந்து ஒரு மின்காப்பு மாறிலி கிடைக்கும், அது ஒளி அதிர்வெண்ணில் உள்ள மாறிலியாக, அதாவது ஒளிவிலகல் எண்ணின் வர்க்கமாக, இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான எதிர்பார்ப்பு. எலக்ட்ரான் தாவுகிற வேகத்துக்கு அணுக்கள் நகர்ந்து ஒதுங்க நேரம் இருக்காது, அதனால். ஹாஃப்னியம் ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2, ஆக 4 வர வேண்டும்.

இவர்களுக்கு வந்தது 13. அதைத் தப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், மின்தேக்க அளவீட்டிலும் 13 தான் வந்தது, பாருங்கள் எவ்வளவு பொருத்தம் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கேதான் நான் கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். அந்த மின்தேக்க 13-ம் ஹாஃப்னியம் ஆக்சைடின் எண் இல்லையே! படலத்துக்கும் சிலிக்கானுக்கும் நடுவே ஒரு நானோமீட்டர் அளவுக்குச் சிலிக்கான் டையாக்சைடு தானாகவே வளர்ந்திருக்கும், எல்லோருக்கும் வளர்கிறது. மாறிலி 20 உள்ள 10 நானோமீட்டர், மின்சாரக் கணக்கில் 1.95 நானோமீட்டர் சிலிக்கான் டையாக்சைடுக்குச் சமம். அதோடு இந்த 1 சேர்ந்தால் 2.95. அந்த நடு அடுக்கை மறந்துவிட்டு மொத்தத்தையும் ஹாஃப்னியம் ஆக்சைடு தலையில் கட்டினால் மாறிலி 13 என்று வரும். இரண்டு தப்பான பதின்மூன்றுகள் ஒன்றையொன்று தோளில் தட்டிக்கொடுத்திருக்கின்றன.

சரி, 4 வர வேண்டிய இடத்தில் ஏன் 13? ஒரு சந்தேகம் உடனே வரும். எலக்ட்ரான் பொறியிலிருந்து வராமல் மின்முனை உலோகத்திலிருந்தே தடையைத் தாண்டி வந்தால், அதற்கு ஷாட்கி முறை என்று பெயர், அங்கே சாய்வு பாதிதான் இருக்கும். பாதிச் சாய்வைப் பூல்–ஃபிரெங்கல் என்று தப்பாகப் படித்தால் மாறிலி நான்கு மடங்காகத் தெரியும். 4 என்பது 16 ஆகிவிடும். 13 எதற்குப் பக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 1.2 என்பது குறைபாட்டின் ஆழமே இல்லை, அலுமினியத்துக்கும் ஆக்சைடுக்கும் நடுவே உள்ள சுவரின் உயரம் சார்ந்த ஏதோ ஒரு எண்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு, உலோகத்தை மாற்றுவது. பொறி ஆக்சைடுக்குள் இருக்கிறது என்றால் மேலே என்ன உலோகம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. மின்னஞ்சலில் இதையெல்லாம் எழுதி, மீதமிருந்த தகட்டில் பிளாட்டின மின்முனை போட்டு அதே அளவீட்டைத் திரும்பச் செய்ய முடியுமா என்று கேட்டேன். முதல் பதில் வாடிக்கையாளர் சேவையிலிருந்து, 'எங்கள் முறை நிலையான வழிமுறைப்படி அமைந்தது' என்று. இரண்டாவது கடிதத்துக்கு அளவீட்டைச் செய்த ஆய்வாளரே பதில் எழுதினார். அவரைப் பாராட்டியே ஆக வேண்டும். நான் தொடாத இன்னொரு ஓட்டையையும் அவரே சுட்டிக்காட்டினார், சராசரி மின்புலத்தைத்தான் பயன்படுத்தினோம், நடு அடுக்கில் புலம் அதிகமாக இருக்கும் என்று. இரண்டு வாரத்தில் பிளாட்டினத் தகட்டின் விடை வந்தது. எண் 0.4 எ.வோ. மேலே போயிருந்தது. உலோகத்தோடு சேர்ந்து நகரும் எண்ணை எப்படி ஆக்சிஜன் காலியிடத்தின் பெயரில் பதிவு செய்வது?

அப்படியானால் கணினிக் கணக்கும் 1.2 என்று சொன்னதே, அது எப்படி என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். கணக்கு பி.பி.இ. என்ற தோராயத்தில் செய்யப்பட்டது. வேகமானது, மலிவானது, ஆனால் பட்டை இடைவெளியைக் குறைத்துக் காட்டும் என்பது ஊரறிந்த விஷயம். ஹாஃப்னியம் ஆக்சைடுக்கு 4 எ.வோ. அளவில்தான் கொடுக்கும். அந்தச் சுருங்கிய இடைவெளியில் மட்டம் கீழ்ப்பட்டையிலிருந்து 2.8 மேலே இருந்தது, ஆகவே மேல்பட்டையிலிருந்து 1.2 கீழே. உண்மையான இடைவெளி 5.8. காணாமல் போன 1.8-ஐ எங்கே வைப்பது? மட்டத்தைக் கீழ்ப்பட்டையோடு கட்டிவைத்தால் ஆழம் 3.0, மேல்பட்டையோடு கட்டிவைத்தால் 1.2. நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இவர்கள் எங்கே நிறுத்தினார்கள் தெரியுமா? நான் படிவத்தில் எழுதிய இடத்தில். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்லவில்லை. எதிரே ஒரு எண் இருந்தால் கை அந்தப் பக்கம் போகும், எனக்கும் போகும்.

இடைவெளியைச் சரியாகக் கொடுக்கிற கலப்பு முறைகள் இருக்கின்றன, எச்.எஸ்.இ. போல. நேரம் பல மடங்கு ஆகும், உண்மைதான். ஆனால் குறைபாட்டு மட்டத்தை விற்பவர்கள் அதில் செய்யாமல் இருப்பது, தராசு இல்லாமல் தங்கம் விற்பது மாதிரி. அது போக, அவர்கள் கொடுத்தது நடுநிலைக் காலியிடத்தின் ஒற்றை எலக்ட்ரான் ஆற்றல். எலக்ட்ரானைச் சேர்த்தால் அல்லது எடுத்தால் சுற்றியுள்ள ஹாஃப்னியம் அணுக்கள் நகரும், அந்த நகர்வையும் சேர்த்து, ஒரு மின்னூட்ட நிலையின் மொத்த ஆற்றலை இன்னொன்றோடு ஒப்பிட்டு வருவதுதான் வெப்ப மாற்ற மட்டம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி? மின்னூட்டம் உள்ள குறைபாட்டைச் சிறிய பெட்டியில் போட்டுக் கணக்கிட்டால் பக்கத்துப் பெட்டிகளில் உள்ள தன் பிம்பங்களையே அது உணரும் (கணினி அதே பெட்டியை எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப அடுக்குகிறது), அதற்குத் திருத்தம் வேண்டும். ஃபிரைசோல்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2009-ல் கொடுத்த திருத்தம் இன்று எல்லா மென்பொருளோடும் பழகிவிட்ட ஒன்று. 96 அணுப் பெட்டிக்கு அது தேவையில்லை என்று அறிக்கையில் ஒரு வரி. ஏன் தேவையில்லை என்று அடுத்த வரியில் இல்லை.

இன்னொன்று, கணக்கு மோனோகிளினிக் என்ற ஒழுங்கான படிக அமைப்புக்கு. அங்கே ஆக்சிஜன் மூன்று ஹாஃப்னியத்தோடு சேர்ந்த இடம் ஒன்று, நான்கோடு சேர்ந்த இடம் ஒன்று, இரண்டு வகை உண்டு. எதைப் பிடுங்கினார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் படலமோ சூடேற்றிப் பதப்படுத்தாதது, பெரும்பாலும் ஒழுங்கற்ற அமைப்பு. அங்கே ஆக்சிஜன் காலியிடமே இல்லாமல்கூட, நீண்டு தளர்ந்த பிணைப்புகளில் எலக்ட்ரான் தானாக ஆழமாகப் பதுங்கும் என்று கணக்கீடுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே எண் சரியாகவே இருந்தாலும் 'ஆக்சிஜன் காலியிடம்' என்ற பெயர்ப்பலகை தொங்குவதற்கு ஆதாரம் வேண்டும்.

1.2 தப்பு என்பதற்கான ஆதாரம் அவர்களிடமே இருந்தது என்பதுதான் என் ஆதங்கம். இருபத்தேழாம் பக்கம், பின்னிணைப்பு. நிரப்பிய பொறிகள் மேல் ஒளி பாய்ச்சி, ஒளியின் ஆற்றலை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போய், எங்கே மின்னூட்டம் குறையத் தொடங்குகிறது என்று பார்த்திருக்கிறார்கள். இத்தனை ஆழமான மட்டங்களுக்கு இதுதான் சரியான வழி. சூடேற்றி எடுக்கிற முறைகள், லாங் 1974-ல் கொண்டுவந்த டி.எல்.டி.எஸ். உட்பட, குறைகடத்திகளுக்கு அற்புதமாக வேலை செய்யும், ஆனால் இரண்டு மூன்று எ.வோ. ஆழத்தில் இருப்பதைச் சூட்டால் கிளப்ப நினைத்தால் அதற்குள் மின்முனை உருகிவிடும். ஒளிச் சோதனையில் மின்னூட்டம் 2.5 எ.வோ. வரை அசையவே இல்லை, அதற்கு மேல்தான் இறங்குகிறது. இதற்கு அவர்கள் எழுதிய குறிப்பு: 'முதன்மை முடிவோடு ஒத்துப்போகவில்லை, விளக்கின் குறைபாடாக இருக்கலாம்.' விளக்கில் ஒரு குறையும் இல்லை. படிகத்தை அளந்ததும் அதே விளக்குதான்.

இந்த 2.5-ஐயும் அப்படியே வெப்ப ஆழம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒளி எலக்ட்ரானைத் தூக்கும் கணத்தில் அணுக்கள் பழைய இடத்திலேயே நிற்கும், அதனால் ஒளி கேட்கிற விலை எப்போதும் கூடுதல். ஆக்சைடுகளில் இந்த வித்தியாசம் ஒரு எ.வோ. வரைகூடப் போகலாம். ஆனால் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் அசையாத மின்னூட்டம் இருக்கிறது, 2.5-க்குக் கீழே ஒளிக்கு மசியாத மின்னூட்டம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து வைத்தால் 1.2-க்கு இடமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

எண்ணிக்கை பற்றிச் சுருக்கமாக. மின்தேக்க வளைவு 0.4 வோல்ட் நகர்ந்ததிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு மூன்று லட்சம் கோடி எலக்ட்ரான் மாட்டியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கணக்கு சரி, ஆனால் அத்தனையும் சிலிக்கானை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன என்ற அனுமானத்தில். பாதி வழியில் இருந்தால் எண்ணிக்கை இரண்டு மடங்கு. இதை ஒரு அடிக்குறிப்பாகப் போட்டிருந்தால் போதும்.

திருத்திய அறிக்கை கூடுதல் கட்டணம் இல்லாமல் வந்தது. கட்டம் கட்டிய வரி போய்விட்டது. கலப்பு முறையில் மறுகணக்கு செய்து, ஆழம் 2 எ.வோ.க்கும் மேல் என்று எழுதி, எது வெப்ப மட்டம், எது ஒளி மட்டம் என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒளிச் சோதனை பின்னிணைப்பிலிருந்து மூன்றாம் பக்கத்துக்கு வந்துவிட்டது. பெயர்ப்பலகையில் 'ஆக்சிஜன் காலியிடமாகவோ ஒழுங்கற்ற அமைப்பின் இயல்பான பொறியாகவோ இருக்கலாம்' என்று மாற்றியிருக்கிறார்கள். முதலிலேயே இப்படி வந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

மூல அளவீடுகள் முழுவதையும் கேட்காமலே கோப்பாகத் தருகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அது இல்லாமல் நான் இதில் எதையுமே கண்டுபிடித்திருக்க முடியாது. பல இடங்களில் படம் மட்டும்தான் கிடைக்கும். தகடுகளைப் பொதிந்து அனுப்பிய விதமும் நேர்த்தி. தாமதம் பத்து நாள், அது பரவாயில்லை.

அடுத்த தொகுதியையும் அவர்களுக்கே அனுப்பியிருக்கிறேன், இந்த முறை ஆக்சிஜனில் பதப்படுத்தியது, பதப்படுத்தாதது இரண்டும். அதே படிவம், அதே கட்டம். 'எதிர்பார்க்கும் மதிப்பு' என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டேன்.